புட்டியில் அடைத்த புளிப்பு, ஊரெல்லாம் புளுகு

"பதினைந்தே நாளில் தொப்பை கரையும்! சர்க்கரை இறங்கும்! ரத்தக் கொதிப்பு அடங்கும்! காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மூடி போதும்!"

செல்போனைத் திறந்தால் இந்தக் கூப்பாடுதான். சரக்கின் பெயர் ஆப்பிள் சிடர் வினிகர். அரை லிட்டர் புட்டி ரூ. 300, ரூ. 400 என்று விற்கிறது.

பணக்காரர் வீட்டுப் பைத்தியம், நமக்கென்ன என்று சும்மா இருந்திருப்போம். ஆனால் சென்ற மாதம் பஞ்சாலைத் தோழர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர். அலமாரியில் மாத்திரைப் பட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. பக்கத்தில் இந்தப் புட்டி! "மாத்திரை எல்லாம் ரசாயனம் தோழர், இது இயற்கை" என்றார். இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடவில்லையாம். காலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. இனியும் சும்மா இருப்பது குற்றம் என்று அப்போதுதான் பட்டது.

அந்த 'இயற்கை' என்னவென்று பார்ப்போம். ஆப்பிள் சாற்றை நொதிக்க விட்டால் முதலில் சாராயச் சத்து உண்டாகிறது. அதை ஒருவகை பாக்டீரியா மேலும் புளிக்க வைத்தால் அசிட்டிக் அமிலம் ஆகிறது. தமிழில் காடி என்போம். நூற்றுக்கு ஐந்து பங்கு போல அமிலம். மிச்சம் அநேகமாகத் தண்ணீர். திருப்பூர் சாயப்பட்டறைத் தோழர்களுக்கு அந்த நெடியை நாம் அறிமுகம் செய்ய வேண்டுமா? சாயத் தொட்டியில் ஊற்றுகிறார்களே, அதே அமிலம்தான். அங்கே காட்டம், இங்கே தண்ணீர் கலந்தது. (பட்டறைச் சரக்கை யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள், குடலே வெந்துவிடும்.) மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரிலும் இருப்பது இதே அமிலம்தான். பிறகு எதற்கு இத்தனை விலை? புட்டிக்குள் மிதக்கும் கசடுக்கு 'தாய்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். புளிக்க வைத்த பாக்டீரியாவும் அது பின்னிய நாருமே அந்தத் தாய். வியாபாரிக்குத் தாய் என்ற சொல்லும் சரக்குதான்!

இந்தப் புளுகு நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்து டாக்டர் ஜார்விஸ் என்பவர் 1958-ல் ஒரு புத்தகம் போட்டார். தேனும் வினிகரும் கலந்து குடித்தால் கீல்வாதம் உள்பட பல நோய்கள் தீரும் என்றார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. கீல்வாதம் போனபாடில்லை.

"விஞ்ஞானமே நிரூபித்திருக்கிறது" என்று இப்போது ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. எந்த விஞ்ஞானம்? 2009-ல் ஜப்பானில் உடல் பருத்த 155 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். பன்னிரண்டு வாரம் தினமும் 30 மில்லி வினிகர் குடித்தவர்களுக்குக் குறைந்த எடை இரண்டு கிலோகூட இல்லை. 15 மில்லி குடித்தவர்களுக்கு ஒரு கிலோ சொச்சம். சோதனையை நடத்தியது யார் தெரியுமா? வினிகர் விற்கும் மிட்ஸ்கான் கம்பெனி! தன் தராசில் தானே நிறுத்தும் இவ்வளவுதான் தேறியது.

அடுத்தது 2024-ல் லெபனான். 120 இளைஞர்கள், பன்னிரண்டு வாரம், ஆறிலிருந்து எட்டு கிலோ வரை குறைந்தது என்று பிரிட்டனின் பி.எம்.ஜே. குழுமத்துப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. உலகமெங்கும் தம்பட்டம் அடித்தார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அந்தப் புள்ளிவிவரங்களைத் துருவினார்கள். நம்ப முடியாதவை என்று தெரிந்தது. 2025 செப்டம்பரில் அதே குழுமம் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டது. அந்தச் செய்தியை எந்தப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்? வெளியிட்டபோது கேட்ட தம்பட்டம் வாபஸ் வாங்கியபோது எங்கே போயிற்று?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சோற்றோடு வினிகர் சேர்த்தால், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படுகிறது என்று சில சிறு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்குவதும் அதற்கு ஒரு காரணம். இதை நாம் மறுக்கவில்லை. எந்த வினிகரும் இதைச் செய்யும். ஆனால் மாத்திரைக்கு இது ஈடாகுமா? ஆகவே ஆகாது. நெடுநாள் சர்க்கரையால் வயிற்று நரம்பு கெட்டவர்களுக்கு உணவு ஏற்கெனவே தேங்கி நிற்கும். வினிகர் அதை இன்னும் மோசமாக்கும். தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமல் அரிக்கும், தொண்டை புண்ணாகும். இன்சுலின் போடுகிறவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதை அதிகமாகக் குடித்தால் உடலில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சர்க்கரை வியாதியையும் உடல் பருமனையும் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் 'உணவு நீங்கலாக' என்று ஒரு சொல் உண்டு. வியாபாரி அதற்குள் புகுந்துகொள்கிறான். புட்டியில் 'உணவு', விளம்பரத்தில் மருந்து! உணவைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால் 2006-ம் வருஷச் சட்டப்படி ரூ. 10 லட்சம் வரை அபராதம் உண்டு. கோடியில் புரளுகிறவனுக்கு அது கொசுக்கடி.

ராத்திரி ஷிப்டு முடித்து விடியற்காலையில் தூங்கி, பருப்பும் காய்கறியும் வாங்கக் கட்டுப்படியாகாமல் சோற்றாலேயே வயிற்றை நிரப்புகிறவனுக்கு ஏன் சர்க்கரை வருகிறது, ஏன் தொப்பை விழுகிறது என்று இந்த விளம்பரக்காரன் கேட்க மாட்டான். கேட்டால் புட்டி விற்காதே!

அந்தத் தோழரோடு அன்று இரவு ஒரு மணி நேரம் வாதாடினோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். "காசில்லாமல் கிடைப்பதால்தான் உங்களுக்கு மதிப்பில்லை" என்று அவர் மனைவி ஒரு போடு போட்டார். மறுநாள் காலை நாமே உடன் போய் ரத்தம் சோதிக்க வைத்தோம். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், மாத்திரை மறுபடி தொடங்கிற்று. புண் இப்போது ஆறி வருகிறது. மிச்சமிருந்த அரைப் புட்டியில் அந்த அம்மாள் சின்ன வெங்காயம் ஊறப் போட்டுவிட்டார்.