ஒரே ராத்திரியில் மூணு சண்டை: ஜெயிச்சது யாரு, தாக்குப்பிடிச்சது யாரு?

கால் இறுதியில் தோத்துப்போன ஒருத்தர், அதே ராத்திரி உலக சாம்பியன் பெல்ட்டோட வீட்டுக்குப் போக முடியுமா? கிக்பாக்ஸிங்ல முடியும். நடந்தே இருக்கு.

2002 டிசம்பர் 7, டோக்கியோ டோம். கே-1 உலக கிராண்ட் பிரீயின் இறுதி இரவு. எட்டுப் பேர் உள்ளே வருவாங்க. கால் இறுதி, அரையிறுதி, இறுதி எல்லாமே ஒரே ராத்திரி. நெதர்லாந்தின் எர்னஸ்டோ ஹோஸ்டுக்கு அப்போ வயசு 37. ஏற்கெனவே மூணு முறை சாம்பியன். ஆனா அக்டோபர் மாசத் தகுதிச் சுற்றிலேயே பாப் சாப்கிட்ட தோத்து வெளியே போனவர். செமி ஷில்ட் காயத்தால் விலகினதால், மாற்று ஆளா உள்ளே வந்தார். வந்தவருக்கு முதல் சண்டையே மறுபடியும் சாப். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய, 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள மனுஷன். இரண்டாவது ரவுண்டில் ரெஃப்ரி குறுக்கே புகுந்து நிறுத்துற அளவுக்கு ஹோஸ்ட் அடி வாங்கினார்.

கதை அங்கே முடிஞ்சிருக்கணும். ஆனா அடிச்ச சாப்புக்கே கை உடைஞ்சுபோச்சு. ஜெயிச்சவர் தொடர முடியலைன்னா தோத்தவருக்கு வாய்ப்பு என்பது விதி. ஹோஸ்ட் திரும்பி வந்தார். அரையிறுதியில் ரே செஃபோவால் கால் காயத்தோடு தொடர முடியலை. இறுதியில் ஜெரோம் லெ பானரின் கையை ஹோஸ்டின் கிக்குகள் உடைச்சிடுச்சு. நாலாவது பட்டம்!

யூடியூப்ல இதைப் பார்க்கிற எல்லாரும் சொல்றது, 'இதைவிட பெரிய கம்பேக் உண்டா?' என்பதுதான். என் கருத்து வேற. ஹோஸ்ட் மேல எந்தக் குறையும் இல்லை, விதிக்குள்ள நின்னுதான் ஜெயிச்சார். ஆனா அந்த விதி தப்பு. ஒரே ராத்திரியில் எட்டுப் பேரை மோதவிடும் அந்த அமைப்பையே நாம கேள்வி கேட்கணும்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஒரு சண்டைக்கு மூணு ரவுண்டு, ரவுண்டுக்கு மூணு நிமிஷம். மூணு சண்டையும் முழுசா போனா 27 நிமிஷம். சமநிலை ஆனா எக்ஸ்ட்ரா ரவுண்டு தனி. 'அவ்வளவுதானா?'ன்னு தோணும். நம்ம மெக்கானிக்கல் பசங்ககிட்ட கேளுங்க. ஒரு உலோகத் துண்டு ஒரே அடியில் தாங்குற லோடைவிட ரொம்பக் குறைவான லோடை திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் அது ஒருநாள் பட்டுன்னு உடையும். அதுக்குப் பேர் ஃபெட்டீக். அதைப் படிச்சு பரீட்சையும் எழுதுறோம். தொடையில் விழுற லோ கிக்கும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுது. முதல் சண்டையில் வாங்கினது அப்போ வலிக்காது. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தா கால் மரத்துப்போயிருக்கும். எதிராளியின் கிக்கை முழங்காலுக்குக் கீழே வாங்கித் தடுத்தாலும் அதே எலும்புதான் அடுத்த சண்டைக்கும். மாத்து எலும்பு யார்கிட்டயும் கிடையாது.

அதனால இறுதிச் சுற்றுல நிக்கிற ரெண்டு பேரும் சமமா நிக்கிறதில்லை. 2010 டிசம்பர் 11 இறுதி இரவை எடுத்துக்கலாம். 40 வயசு பீட்டர் ஆர்ட்ஸ், ஏழு அடியை நெருங்கும் ஷில்ட்டோட மூணு ரவுண்டு முட்டி மோதி ஜெயிச்சு வந்தார். இன்னொரு பக்கம் கோகன் சாகி கால் இறுதியிலேயே கையில் அடிபட்டவர். அதே கையோட அரையிறுதிக்கு வந்து நின்னார். அலிஸ்டர் ஓவரீமின் கிக் அந்தக் கை மேலேயே விழ, முதல் ரவுண்டிலேயே கதை முடிஞ்சது. இறுதிப் போட்டி? ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஓவரீம் சாம்பியன். திறமைசாலிதான், மறுக்கலை. ஆனா அந்த ஒரு நிமிஷத்துல நாம பார்த்தது யார் சிறந்த வீரர் என்பதையா, யார்கிட்ட அதிகம் மிச்சம் இருந்தது என்பதையா?

இதுக்கு எதிர்வாதம் இருக்கு, நியாயமானதும்கூட. அடி வாங்காம அடிக்கிறதே ஒரு கலை. 1998-ல் ஆர்ட்ஸ் மூணு சண்டையையும் முதல் ரவுண்டிலேயே நாக்அவுட்டில் முடிச்சார். 2009-ல் ஷில்ட்டும் மூணையும் முதல் ரவுண்டிலேயே முடிச்சார். உடம்பைச் சேமிக்கத் தெரிஞ்சவன் ஜெயிக்கிறான், இதுவும் ஒரு திறமைதானே? ஆமா, திறமைதான். ஆனா பாப் சாப் கை உடைஞ்சது ஹோஸ்டின் திட்டமா? அடுத்த ஆளுக்கு எந்தக் காயம் ஆகும்னு யாரால் கணக்குப் போட முடியும்? ஆர்ட்ஸ், ஷில்ட் மாதிரி ராத்திரிகள் அபூர்வம். அதைக் காட்டி மத்த ராத்திரிகளை நியாயப்படுத்தக் கூடாது.

எனக்கு உண்மையில் உறுத்துறது பட்டம் இல்லை, அந்தத் தலை. அமெச்சூர் பாக்ஸிங்ல தலையில் அடி வாங்கி நாக்அவுட் ஆனா குறைஞ்சது 30 நாள் ரிங் பக்கமே வரக் கூடாது. இங்கே ரெஃப்ரியே 'போதும்'னு நிறுத்தின ஒருத்தர், அதே ராத்திரி இன்னும் ரெண்டு ஹெவிவெயிட்களோட மோதினார். நல்லபடியா முடிஞ்சதால அதைக் கம்பேக்னு கொண்டாடுறோம். வேற மாதிரி முடிஞ்சிருந்தா என்னன்னு சொல்லியிருப்போம்?

'வீரரே சம்மதிச்சுத்தானே வர்றார்?' என்பாங்க. பரிசுப் பணமும் பெல்ட்டும் ரெண்டு சண்டை தூரத்துல இருக்கும்போது, 'என் கை உடைஞ்சிருக்கு, நான் வரலை'ன்னு எந்த வீரர் சொல்வார்? அந்த முடிவை அவர்கிட்ட விடுறதே அநியாயம். சரி, அவ்வளவும் தாங்கினவங்களை அமைப்பாவது காப்பாத்துச்சா? 2010-க்கு அப்புறம் கே-1 நடத்திய நிறுவனம் வீரர்களுக்குச் சம்பள பாக்கி வெச்சு, 2012-ல் திவாலானது. உடம்பைக் கொடுத்தவங்க காசுக்கும் காத்துக்கிடந்தாங்க.

போட்டியையே நிறுத்தணும்னு நான் சொல்லலை. மூணு மாற்றம் போதும். ஒண்ணு, ரெஃப்ரியோ டாக்டரோ நிறுத்தின வீரர் அன்னைக்குத் திரும்பி வரக் கூடாது. ரிசர்வ் வீரர்தான் வரணும். ரெண்டு, ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் சுயாதீனமான டாக்டர் பரிசோதிச்சு, அவரே முடிவு சொல்லணும். மூணு, கால் இறுதியை வேற தேதிக்கு மாத்தணும். 2002-லேயே 16 பேரை எட்டாக் குறைக்க அக்டோபர்ல தனி நாள் ஒதுக்கினாங்களே, எட்டை நாலாக்க இன்னொரு நாள் கிடைக்காதா? இறுதி இரவுல நாலு பேர், ஆளுக்கு ரெண்டு சண்டை. பரபரப்பு குறையாது, இறுதிப் போட்டியும் இறுதிப் போட்டியா இருக்கும்.

இந்த எட்டுப் பேர் மோகம் இன்னும் போகலை. 2024 மார்ச்சில் நெதர்லாந்தின் ஆர்னெமில் க்ளோரி அமைப்பு அதே பாணியில் ஹெவிவெயிட் கிராண்ட் பிரீ நடத்தி, ரிகோ வெர்ஹோவன் ஜெயிச்சார். காரணம் எளிது, நாம பார்க்கிறோம். அடுத்த முறை கை தொங்கிப்போன ஒருத்தர் ரிங்குக்குள்ள ஏறும்போது, 'கெத்து'ன்னு கமெண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இவரை யார் உள்ளே விட்டது?