பூஜ்யத்தில் எண்பது சதவீதம்

பதினெட்டு, ஐம்பது, எழுபது, எண்பது. ஏலத்தில் ஏறுகிற விலை மாதிரி இருக்கிறதா? கிழக்குத் திமோர் என்ற குட்டி நாட்டுக்கு ஒரே ஒரு எரிவாயு வயலில் கிடைத்த பங்கு இப்படித்தான் ஏறியது. பங்கு ஏறியதே தவிர, அந்த வயலிலிருந்து விற்பனைக்கு இன்றுவரை ஒரு கன அடி எரிவாயுகூட வரவில்லை.

வயலின் பெயர் கிரேட்டர் சன்ரைஸ். 1974ல் கண்டுபிடித்தது. திமோர் கரையிலிருந்து சுமார் 150 கி.மீ., ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலிருந்து சுமார் 450 கி.மீ. உள்ளே ஏறக்குறைய 5 டிரில்லியன் கன அடி எரிவாயு. கூடவே 22 கோடி பீப்பாய்க்கு மேல் கண்டென்சேட், அதாவது எரிவாயுவோடு சேர்ந்து வரும் லேசான எண்ணெய்.

கடலில் கோடு போடுவது சுலபம். கோட்டுக்குக் கீழே இருக்கும் வாயுவுக்கு அந்தக் கோடு தெரியாது. யார் கிணறு தோண்டினாலும் பக்கத்து வீட்டுக்காரன் பங்கும் சேர்ந்து அந்தக் கிணற்றை நோக்கித்தான் வரும். அதனால்தான் இம்மாதிரி வயல்களை ஒரே வியாபாரமாக வைத்துக்கொண்டு, கூட்டுத்தொழில் பத்திரம் எழுதுவது போல பங்கை முதலிலேயே எழுதிவிடுவார்கள். பிரிட்டனும் நார்வேயும் ஃப்ரிக் வயலுக்கு 1976ல் ஒப்பந்தம் போட்டன. நார்வேக்கு 60.82, பிரிட்டனுக்கு 39.18 சதவீதம். 1977ல் வாயு ஸ்காட்லாந்து கரைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் பெரிய பங்கு நார்வேயுடையது! குழாய் எந்தக் கரைக்குப் போகிறது என்பது அங்கே மானப் பிரச்சினையாகவில்லை.

திமோரில் அப்படி முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1975ல் இந்தோனேசியா அந்த நாட்டுக்குள் படையோடு புகுந்தது. 1989ல் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் திமோர் கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி, ஷாம்பெய்னோடு, கடலைப் பங்குபோட்டுக் கையெழுத்திட்டார்கள். கீழே இருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 2002 மே மாதம் திமோர் சுதந்திரம் அடைந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஆஸ்திரேலியா என்ன செய்தது தெரியுமா? கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்துவிட்டது. 2003ல் போட்ட ஒப்பந்தப்படி சன்ரைஸில் 20.1 சதவீதம்தான் கூட்டுப் பகுதிக்குள் வந்தது. அதில் திமோருக்கு 90 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 18தான் வரும். 2006ல் அது 50 ஆனது. அந்தப் பேச்சுவார்த்தை சமயத்தில் திமோர் அமைச்சரவை அறையில் ஆஸ்திரேலிய உளவுத்துறை ஒட்டுக்கேட்புக் கருவி வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டு பின்னால் வெளிவந்தது. திமோர் விடவில்லை. ஐ.நா. கடல் சட்டத்தின் கட்டாய சமரச முறையை உலகிலேயே முதல் முறையாகப் பயன்படுத்தி, 2018ல் புதிய எல்லையை வாங்கியது. வயலின் பெரும்பகுதி திமோர் பக்கம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தில்தான் சுவாரஸ்யமான ஒரு நிபந்தனை. குழாய் திமோருக்குப் போனால் திமோருக்கு வருவாயில் 70 சதவீதம். டார்வினுக்குப் போனால் 80. அதாவது, குழாயைச் சொந்தக் கரைக்குக் கொண்டுபோவதன் விலை பத்து சதவீதம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

வணிகவியல் கணக்கில் இது பாதிக் கணக்கு. திமோருக்கும் வயலுக்கும் நடுவே திமோர் பள்ளம் இருக்கிறது. சுமார் மூவாயிரம் மீட்டர் ஆழம். அதைத் தாண்டிக் குழாய் போட வேண்டும், கரையில் எல்.என்.ஜி. ஆலையும் கட்ட வேண்டும். அதற்கு மேல், 2019ல் கோனகோ பிலிப்ஸ், ஷெல் இருவரின் பங்குகளையும் 65 கோடி டாலருக்குத் திமோர் அரசு நிறுவனம் வாங்கி 56.56 சதவீதப் பங்குதாரர் ஆனது. பங்குதாரர் என்றால் லாபத்தில் மட்டுமா பங்கு? முதலீட்டிலும் அதே 56.56 போட வேண்டும்.

சரி, சுலபமான வழியாக டார்வினையே எடுத்துக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். பேயு-உன்டான் வயலின் வாயு 2006 முதல் அங்கேதான் எல்.என்.ஜி. ஆனது. ஆலை, வேலை, துறைமுகம் எல்லாம் டார்வினில் வளர்ந்தன, திமோருக்குக் காசு மட்டும் வந்தது. அதைப் பார்த்தவர்கள் இரண்டாவது குழாயும் அங்கேயா என்று கேட்பதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் டார்வினும் காத்திருக்கவில்லை. அந்த ஆலையை பரோசா வயலுக்குப் பயன்படுத்த சான்டோஸ் நிறுவனம் 2021லேயே முடிவெடுத்துவிட்டது.

தாமதத்துக்கும் வட்டி உண்டு. பட்ஜெட்டின் பெரும்பகுதியைப் பெட்ரோலிய நிதியிலிருந்து எடுக்கும் நாடு திமோர். அந்த நிதியை நிரப்பிய பேயு-உன்டான் 2025ல் நின்றுவிட்டது. இருபது வருடம் கழித்து வரும் 80ஐ விட, ஐந்து வருடத்தில் வரும் 70 பெரியது. ஃபைனான்ஸ் பாடத்தின் முதல் அத்தியாயமே இதுதான்.

ஆகவே குழாய் திமோருக்கே போகட்டும், அதற்குத் தகுதி இருக்கிறது. ஆனால் கூடுதல் செலவைத் திமோர் மட்டும் தூக்கக் கூடாது. 2018 ஒப்பந்தத்தில், பழைய உற்பத்திக்காக யாரும் நஷ்ட ஈடு கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அதில் யாருக்கு லாபம் என்பது கேட்காமலே தெரியும். அப்படித் தப்பித்த ஆஸ்திரேலியா குழாய்ச் செலவில் ஒரு பங்கைக் குறைந்த வட்டிக் கடனாகவாவது தரலாம். அதைத் தர்மம் என்று யாரும் சொல்லப்போவதில்லை, பழைய பாக்கி என்றுதான் சொல்வார்கள்.