போதும் என்று சொல்ல ஆளில்லாத பார்

டாஸ்மாக் பாரில் தகராறு, பீர் பாட்டிலால் குத்து, ஒருவர் பலி. மாவட்டச் செய்திப் பக்கத்துக்கு இது புதிதல்ல. ஊர்ப் பெயர் மட்டும் மாறும். கடைசி வரியில் ‘குடிபோதையில் வாய்த்தகராறு’ என்று காரணமும் எழுதியாகிவிடும். காரணம் அவ்வளவுதான் என்று அரசும் இருந்துவிடுவதை ஏற்பதற்கில்லை.

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையைத் தமிழக அரசு டாஸ்மாக் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடை அரசுடையது. கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் விற்பனையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு குவாட்டரை நீட்டுவதோடு சரி. ஒட்டினாற்போல நிற்கும் தகரக் கொட்டகை டெண்டர் எடுத்தவருடையது. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டிலைச் சேர்க்கவும்தான் அவருக்கு உரிமம். ஆக, மது விற்றவர் குடிப்பவரைப் பார்ப்பதில்லை. குடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மது விற்கவில்லை. விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், ‘போதும், வீட்டுக்குப் போப்பா’ என்று சொல்லும் வேலை அங்கே யாருக்கும் இல்லை.

ஊருக்கு வெளியே, வயலோரம் இருக்கும் பாரில் இரவு பத்து மணியை நெருங்கும் நேரத்தைப் பாருங்கள். ஷட்டரை இறக்கப்போகிறார்கள் என்றதும் ஜன்னலில் முட்டி மோதி ஆளுக்கு இரண்டாக வாங்குகிறார்கள். வாங்கியதை அவசர அவசரமாக உள்ளே தள்ளுகிறார்கள். ஒற்றை பல்பு, சகதித் தரை, சுண்டல் தட்டு, தண்ணி பாக்கெட். நாற்காலிக்குத் தொடங்கும் சண்டை, போன திருவிழாவில் யாருக்கு மரியாதை கிடைத்தது என்பதில் வந்து நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி பாட்டில். ஊருக்குள் அடக்கிவைத்திருக்கும் சாதிப் பகை அவிழ்ந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் கிடையாது. காவல் நிலையம் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மறுநாள் காலையில் வரப்பில் கிடக்கும் கண்ணாடிச் சில்லை மிதிப்பவர் நாற்று நடப் போகும் பெண்.

கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. பல பார்களுக்கு அது பொருந்துவதில்லை. டெண்டருக்குக் கொட்டிய பணத்தைச் சுண்டல் விற்று எடுக்க முடியாது. விடிகாலையிலும் நள்ளிரவிலும் கூடுதல் விலைக்கு பாட்டில் விற்றுத்தான் எடுக்கிறார்கள். 2023 மே மாதம் தஞ்சாவூரில், கடை திறக்கும் முன்பே பாரில் மது வாங்கிக் குடித்த இருவர் இறந்தார்கள். சயனைடு கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. யார் கலந்தார்கள் என்பது ஒரு வழக்கு. கடை பூட்டியிருந்த வேளையில் பாரில் பாட்டில் எப்படிக் கிடைத்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

மதுவிலக்கு வேண்டுமா என்ற விவாதம் தனி. அதற்காகப் போராடிய சசிபெருமாள் 2015-ல் உயிரையே விட்டார். 2024-25-ல் மதுவால் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் பெற்ற அரசு நாளைக்கே கடைகளை மூடிவிடும் என்று நாம் நம்பவில்லை. டாஸ்மாக்குக்கு பார் நடத்தவிடும் அதிகாரமே இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2022-ல் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, பார்கள் தொடர்கின்றன.

தொடரட்டும் என்றால், பொறுப்பும் கூடவே வரவேண்டும். போதை தலைக்கேறியவருக்கு மது விற்பது இங்கிலாந்தில் குற்றம். அதைச் சொல்லும் சட்டமும் நம் அரசு கடை திறந்த அதே 2003-ல் வந்ததுதான். இங்கே பாரில் ரத்தம் சிந்தினால் குத்தியவர் மட்டுமே குற்றவாளி. உரிமதாரர் சாட்சிக் கூண்டோடு தப்பிவிடுகிறார். பாருக்குள் கொடுங்காயமோ கொலையோ நடந்தால் உரிமம் ரத்து, வைப்புத்தொகை பறிமுதல், அந்த இடத்துக்கு மறு ஏலம் இல்லை என்று விதி வேண்டும். நேரம் தவறி ஒரு பாட்டில் விற்றாலும் அதே தண்டனை. கடை மேற்பார்வையாளரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பார் டெண்டரின் நிபந்தனைகளில் நான்கு வரி சேர்த்தால் போதும்.