எதற்கு மெஷின், எதற்குக் கை?



விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், அடுத்த மழை வரை பெரிதாக வேலை இல்லை. அந்த வெயில் மாதங்களில் பல வீடுகளில் மளிகைக் கடனும் மகளிர் குழுத் தவணையும் அடைவது சித்தாள் கூலியில்தான்.

கட்டட வேலைக்கு மெஷின் வந்தால் அந்தக் கூலி போய்விடுமே. அதற்காக மெஷினே வேண்டாம் என்று சொல்லலாமா? கரிசல் மண் மழைக்குப் பொங்கும், வெயிலுக்கு வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாவிட்டால் சுவர் விரிசல் விடும். சித்திரை வெயிலில் அந்த ஆழத்தைக் கடப்பாரையால்தான் தோண்ட வேண்டும் என்பது நியாயமா? தளத்துக்கான கான்கிரீட்டைக் கையால் கலந்தால் சீராக வராது. அதை ஈடுகட்ட 10 சதவீதம் சிமெண்ட் கூடுதலாகப் போடுவது வழக்கம். அந்தச் செலவு வீடு கட்டுகிறவருக்குத்தானே?

ஆனால் கண்மாய்க் கரையில் மண் போடுவது வேறு கதை. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், இப்படிப்பட்ட வேலைகளில் ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. கூலிக்குக் குறைந்தது 60 சதவீதம் ஒதுக்கச் சொன்னது. மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்றது. வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதோடு, கூலி எத்தனை வீட்டுக்குப் போகிறது என்பதும் அங்கே கணக்கு.

1970-களில் இந்தியா, இந்தோனேசியா, கென்யாவில் உலக வங்கி செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. நல்ல கருவி, நல்ல சாப்பாடு, சரியான மேற்பார்வை இருந்தால், கூலி குறைந்த நாடுகளில் பல மண் வேலைகளை ஆட்களை வைத்தே கட்டுப்படியாகும் செலவில் முடிக்கலாம். நாமோ இன்னும் சித்தாள் அக்காவின் தலையில் சும்மாட்டின் மேல் சாந்துச் சட்டியை ஏற்றுகிறோம். ஒரு தள்ளுவண்டி, ஒரு லிப்ட் வந்தால் அந்த அக்காவின் கழுத்து தப்பும், கூலியும் போகாது.

வீடு கட்டப்போகும் வாசகர்களே, மேஸ்திரியிடம் ரேட் பேசும்போது இதையும் பேசுங்கள். தோண்டுவதும் கலப்பதும் தூக்குவதும் மெஷினுக்குப் போகட்டும். கம்பி கட்டுவது, செங்கல் கட்டு, பூச்சு, டைல்ஸ் எல்லாம் உள்ளூர் ஆட்களுக்கு வரட்டும். சித்தாளாக வருகிற பெண்களுக்குக் கரண்டி பிடிக்கவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கலவை மெஷின் வந்த இடத்தில் அவர்களுக்கு மிஞ்சும் வேலை அதுதான். கூலியும் அதில் கூடுதல்.

வேலைக்கு வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், வேலை முடிவதற்குள் பதிவு செய்ய உதவுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்