காக்கை மூக்கும் கலைச்சொல்லும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை! எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சோளக்காடு சேர்ந்தேன், பொதுக்கூட்டத்திலே பேச. சந்தையருகே தேநீர்க் கடையில் ஓர் இளைஞன். பலாவும் வாழையும் சுமந்து விற்கும் குடும்பத்திலிருந்து கட்டடப் பொறியியல் படிக்கப் போன முதல் பிள்ளை. கையிலே தடித்த ஆங்கில நூல், கண்ணிலே கலக்கம்.

“கார்பெல், கார்பெல் என்று நூறு முறை உருப்போட்டேன், அண்ணே! பொருள்தான் பிடிபடவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்றான்.

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

கார்பெல் என்றால் என்ன? சுவரிலிருந்து வெளியே நீண்டு, மேலே வரும் பாரத்தைத் தாங்கும் கல். அதன் பிறப்பு? இலத்தீனிலே ‘கோர்வஸ்’ என்றால் அண்டங்காக்கை. பழைய பிரெஞ்சிலே ‘கோர்பெல்’ என்றால் சிறு காக்கை. நீட்டிய கல், காக்கையின் மூக்காகத் தெரிந்ததால் வந்த பெயர் என்பர். அதைத்தான் ஆங்கிலம் கடன் வாங்கிற்று!

‘பட்ரஸ்’ என்று மிரட்டுகிறார்களே, அது மட்டும் என்ன? தள்ளுதல், முட்டுதல் என்னும் பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. சாயும் சுவருக்கு ‘முட்டுக் கொடு’ என்கிறாளே நம் பாட்டி, அவள் சொன்னதும் அதுவேயன்றோ!

காக்கை அங்கே கலைச்சொல்லாகலாம். நம் முட்டு மட்டும் பாமரர் பேச்சா? தூணின் தலையிலே நீண்டு உத்தரம் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயரிட்டோர் நம் சிற்பிகள். பல்லவர் குடைவரையிலே அலையலையாய்த் தரங்கப் போதிகை. சோழர் கோயிலிலே வெட்டுப் போதிகை. நாயக்கர் மண்டபத்திலே வாழைப்பூவாய்த் தொங்கும் பூமுனைப் போதிகை. சொல்லுக்கா இங்கே பஞ்சம்? துணிவுக்கன்றோ பஞ்சம்!

2010-ஆம் ஆண்டிலே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கிற்று. வாயில் திறந்தால் போதுமா? உள்ளே நல்ல நூல் வேண்டும். வெளியே வேலை வேண்டும். இரண்டும் இல்லையேல், அது தூணில்லா மண்டபம்!

ஆங்கிலத்தைப் பகைக்கச் சொல்லவில்லை, தோழர்களே! கடன் வாங்கிய சொல்லையும் கூசாமல் கையாண்டதே, அந்தத் துணிவைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

காக்கைக் கதை கேட்ட இளைஞன் சிரித்தான். மூடியிருந்த நூலைத் திறந்தான். “இதை அப்பாவுக்கே விளக்கிச் சொல்லிவிடுவேன், அண்ணே!” என்றான்.

தந்தைக்குச் சொல்ல முடிந்த கல்வியே தங்கும் கல்வி. அதற்கு முட்டுக் கொடுப்போம், வாரீர்!