தாராவியின் பட்டியல் யார் கையில்?

2024 மார்ச்சில் தொடங்கிய தாராவிக் கணக்கெடுப்பில் டிரோன்கள் பறந்தன. லைடார் லேசர் கருவிகள் சந்துகளை அளந்தன. மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை என ஒவ்வொரு குடும்பத்தின் ஆவணமும் கணினிக்குள் சென்றது. அங்கே பதிவாகும் தேதிதான் அக்குடும்பத்தின் தலையெழுத்து. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதன்பின் 2011க்குள் வந்தவர்களுக்கு, இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தினால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மேல்தளவாசிகளுக்கும் பின்னர் வந்தோருக்கும் வெளியே வாடகைக் குடியிருப்பு.

இத்தரவைத் திரட்டும் திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மராட்டிய அரசுக்கு 20 சதவீதம். தகுதியை முடிவு செய்வது அரசு அதிகாரிகளே என்கிறார்கள். ஆனால் தகுதியுடையோர் குறையக் குறைய, தாராவிக்குள் விற்பனைக்கு எஞ்சும் இடம் கூடும். லாபம் பெறுபவரே பதிவேட்டையும் எழுதும் விந்தை இது!

இத்தகைய பதிவேடுகளைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைப்பதே இன்றைய வணிக உலகின் மோகம். 2025 ஜூலையில் அமெரிக்காவில், ரெப்ளிட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முகவர், எதையும் மாற்றாதே என்ற கட்டளையை மீறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது. அது பொய், மீட்க முடிந்தது. ரெப்ளிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் பிரிப்பதாக அறிவித்தார். முதலாளியின் தரவு என்றால் பாதுகாப்பு எவ்வளவு விரைவாக வருகிறது!

ஏழைகளின் தரவுக்கு என்ன நேர்ந்தது? தெலங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல துறைப் பதிவேடுகளை ஒப்பிட்டுத் தகுதியற்றோரைச் சுட்டிக்காட்டியது. ரிக்‌ஷா தொழிலாளி ஒருவர் பெயர் ஒத்த கார் உரிமையாளராகக் கருதப்பட்டதால், அவர் மனைவிக்கு மானிய அரிசி கிடைக்கவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சரிபார்க்க உத்தரவிட வேண்டியதாயிற்று.

திருநெல்வேலியிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஆபத்தை எளிதில் உணர்வார்கள். தமிழருக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப்பெயர் இல்லை. ஒரே செல்வராஜ் ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும், மராத்தி எழுத்தில் வேறு விதமாகவும், ஆதாரில் தந்தை பெயரோடும் இருப்பார். மாதுங்கா லேபர் கேம்ப்பில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் சந்தேகம் இது. இயந்திரத்துக்கோ அவர் மூன்று ஆட்கள்.

எழுத்துப் பிழையைக் கண்டறியவும், விடுபட்ட ஆவணத்தைச் சுட்டவும் மென்பொருள் உதவட்டும். அதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்குப் படிக்கும் அனுமதி போதும். திருத்தவும் நீக்கவும் அனுமதி கூடாது. மூலப்பதிவின் நகல், திட்டத்தில் பங்கில்லாத பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் பொறுப்பேற்கும் அதிகாரியின் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும். யாரையும் தகுதியற்றவர் என அறிவிக்கும் முன், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் அச்சிட்ட அறிவிப்பு அவர் வாசலுக்கு வர வேண்டும். விசாரணை அந்தச் சாலிலேயே, அண்டை வீட்டாரைச் சாட்சியாக வைத்து நடக்க வேண்டும்.