வீட்டுக் கதைக்கு வெளிநாட்டுப் பரிசு

'தமிழ்ப் படத்துக்கு வெளிநாட்டில் பரிசு' என்று பேப்பரில் செய்தி வந்தால் நம்மில் பல பேர் என்ன செய்கிறோம்? "அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு எடுத்த படம், நமக்கு எங்கே புரியப் போவுது" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டு, சமையல் குறிப்புக்குப் போய்விடுகிறோம். ஆனால் சகோதரிகளே, அந்தப் படங்களில் சிலவற்றை உட்கார்ந்து பாருங்கள். உலகம் கைதட்டியது நம் அடுப்படிக்கும் வாசற்படிக்கும் நடுவே நடக்கிற கதைக்குத்தான் என்பது புரியும்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அது ராஜா கதை, வீர வசனம். அந்தப் பெருமை இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் 60 வருஷங்களுக்குப் பிறகு வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஒரு தமிழ்ப் படத்தில் ராஜாவும் இல்லை, வாளும் இல்லை. ஒரு குடிகார அப்பா, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ஒரு பொட்டல் காடு, அவ்வளவுதான்.

'கூழாங்கல்' என்பது படத்தின் பெயர். எடுத்தவர் மதுரைப் பக்கம் மேலூரைச் சேர்ந்த பி.எஸ். வினோத்ராஜ். அவருக்கு இதுதான் முதல் படம். 2021-ல் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது இதற்குக் கிடைத்தது. தமிழ்ப் படம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை. அந்த வருஷம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் இதைத்தான் அனுப்பினார்கள்.

கதை என்ன? அடி பொறுக்காமல் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். புருஷன், வகுப்பில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போகிறான். அங்கேயும் சண்டை. திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிட, கொளுத்தும் வெயிலில் இரண்டு பேரும் நடந்தே ஊர் வருகிறார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று வினோத்ராஜே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய சகோதரியைக் கணவர் வீட்டை விட்டுத் துரத்திவிட, அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல மைல் தூரம் நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்தாளாம். 'அந்த நடையை ஒரு ஆண் நடந்து பார்த்தால் எப்படி இருக்கும்?' என்று அவருக்குத் தோன்றியதே படம்.

எங்கள் வண்ணாரப்பேட்டைக் குடித்தனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பெண்கள் சேர்ந்து இதைப் பார்த்தோம். எண்ணூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், மூன்று வயதுக் குழந்தையோடு வந்து தாய்வீட்டில் இருந்தாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள். "எப்ப கெளம்பப் போறே? நாலு பேரு கேக்கறாங்க" என்று அவள் அம்மா தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் தாகம் தெரியாமல் இருக்க அந்தப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒரு கல் குவியலோடு வைக்கிறான். ஒரு வசனம் கிடையாது. ஆனால் அந்த அம்மா சட்டென்று, "அப்படின்னா எத்தினி தபா இந்த மாதிரி நடந்திருக்கும், பாவி! அந்தப் புள்ள இன்னா பண்ணுவான்?" என்றார். சொல்லிவிட்டு மடியில் இருந்த பேத்தியைப் பார்த்தார். அன்றைக்கு அப்புறம் அவர் மகளிடம் 'எப்ப கெளம்பப் போறே' என்று கேட்டு நான் கேட்கவில்லை.

படம் முடிகிற இடத்தில் பெண்கள் வறண்ட ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். காமிரா அவசரப்படாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்த நமக்கு அந்தக் காட்சியை யாராவது விளக்க வேண்டுமா என்ன?

இன்னொரு பரிசைப் பாருங்கள். 2023 மார்ச்சில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற குறும் ஆவணப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பிரிவில் இந்தியத் தயாரிப்பு ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. எடுத்தவர் ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வஸ். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டி ரகுவை வளர்க்கிற கதை. தன் மகளைப் பறிகொடுத்த பெள்ளி, அந்தக் குட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டி, செல்லமாகத் திட்டி வளர்க்கிறார். நாம் பிள்ளை வளர்க்கிற அதே பக்குவம்தான். தாய்மைக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அதைக் காமிரா வைத்துக் காட்டினால் உலகமே எழுந்து நின்று பார்க்கிறது!

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. ஆஸ்திரிய நாட்டு இயக்குநர் மைக்கேல் ஹானகே எடுத்த 'அமூர்' என்ற படம் 2012-ல் கான் பட விழாவின் மிகப் பெரிய பரிசையும், 2013-ல் ஆஸ்திரியாவின் பெயரில் ஆஸ்கரையும் வாங்கியது. 'அமூர்' என்றால் அன்பு. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டு வாத்தியார் தம்பதி. மனைவிக்குப் பக்கவாதம் வருகிறது. கணவர் வாயில் ஊட்டுகிறார், தூக்கி உட்கார வைக்கிறார், நாளுக்கு நாள் களைத்துப் போகிறார். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. தன்னை வளர்த்த ஒரு உறவுப் பெண்மணி நோயில் பட்ட வேதனையைப் பார்த்ததுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று ஹானகே சொல்லியிருக்கிறார். மேலூர் எங்கே, ஆஸ்திரியா எங்கே! இரண்டு பேருமே சொந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கஷ்டத்தை மறக்காமல் வைத்திருந்தவர்கள்.

'வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது' என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். அடி வாங்கினாலும் மூடு. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துப் பார்த்து இடுப்பு ஒடிந்தாலும் மூடு. வெட்கப்பட்டு மூடி வைத்த அந்த விஷயங்களில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இந்தப் படங்கள் சொல்கின்றன. கேட்க ஒரு காது வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, தாய்வீடு தேடி வரும் பெண்ணிடம் முதலில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். "எப்போ போறே?" என்பதைக் கேட்கவே வேண்டாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவியும் யோசனையும் கிடைக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வீட்டில் இருந்தால், வாரத்தில் ஒரு மத்தியானமாவது வேறொருவர் முறை போட்டு உட்காரட்டும். பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும், முதுகுக்கு ஓய்வு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'கூழாங்கல்'லில் வசவு வார்த்தைகள் உண்டு. 'அமூர்' மனதைக் கனக்க வைக்கும். இரண்டையும் சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். பிள்ளைகளோடு பார்க்க யானைக்குட்டி ரகு இருக்கிறான். 2014-ல் டொரன்டோ பட விழாவில் காட்டப்பட்ட மணிகண்டனின் 'காக்கா முட்டை'யும் இருக்கிறது. பீட்சாவுக்கு ஆசைப்படும் இரண்டு பையன்களைப் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்டுப் பாருங்களேன். அவன் மனசில் இருக்கிற கூழாங்கல் ஒன்று அப்போது வெளியே வந்தாலும் வரும்.